அரை மணி நேர வேலை

அக்காவின் கேமரா ஒரு சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கறுப்பு நிறம். முன்பக்கத்து மூடியை விரலால் தள்ளினால் உள்ளே பட்டாணி அளவில் ஒரு கண்ணாடி தெரியும். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஃபிளாஷ். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய தம்பி கொண்டுவந்து கொடுத்தது. அமுக்கும்போது சத்தமே கேட்காது. படம் விழுந்த பிறகு உள்ளே ரோல் நகரும் சின்ன உறுமல் மட்டும் வரும். சார் அதை முதன்முதலில் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த பிஸ்கட் பாக்கெட்டோட ஃப்ரீயா குடுத்தாங்க?" என்று கேட்டார். கவுண்டரில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சார் காந்தி ரோட்டை ஒட்டிய தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அக்கா அவருடைய மனைவி, மாடியில்தான் வீடு. நான் பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்து வந்து அங்கே வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிளஸ் டூ முடித்திருந்தேன். ஆல்பம் ஒட்டுவதும் டச்சப் செய்வதும் என் வேலை. டச்சப் என்றால் பிரிண்டில் விழுந்திருக்கும் கீறல், வெள்ளைப் புள்ளி, முகப்பரு இவற்றையெல்லாம் ஊசிமுனைப் பிரஷால் சாயம் தொட்டு மறைப்பது. கையில் நடுக்கம் இருக்கக் கூடாது. எனக்கு இல்லை. என் அப்பா பட்டு நெய்கிறவர். அறுந்த இழையை முடிச்சுப் போடும் அவருடைய விரல்கள் எனக்கு வந்திருப்பதாக எல்லோரும் சொல்வார்கள்.

சாரின் கேமராவை நான் தொட இரண்டு வருஷம் ஆயிற்று. கனமான உலோக உடம்பு, சின்னக் கேமராவுக்குப் போடுவதைவிட அகலமான ரோல். அதற்கு மூன்று லென்ஸ். பக்கவாட்டில் இரும்புக் கை போட்டுத் தனியாகப் பிடித்த பெரிய ஃபிளாஷ். அதன் ஷட்டர் விழும் சத்தம் கல்யாண மண்டபத்தில் மேளத்துக்கு நடுவிலும் கேட்கும். கண்ணை வைத்துப் பார்க்கும்போது எது தெரிகிறதோ அதுவே படத்தில் விழும். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் எடுக்கிறவர் கையில். சார் அதில் எடுத்தால் ஜரிகையில் இழை எண்ணலாம். இது மிகையில்லை. நெசவாளிகள் அவர் எடுத்த படத்தை வாங்கி, முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பார்டரைப் பார்ப்பார்கள். கருட சேவைக்கு விடியற்காலையில் வாகனம் கோபுர வாசலைத் தாண்டும் அந்த ஒரு நொடிக்காக அவர் மூன்று மணி நேரம் ஏணிமேல் நின்றிருக்கிறார். கெட்டிக்காரர். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அவர் முட்டாளாக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா படம் எடுக்கத் தொடங்கியது சாரின் யோசனையால்தான். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, நலங்கு போன்றவற்றுக்கு உள்ளறைவரை ஓர் ஆண் வருவதை எங்கள் பக்கத்துப் பெண்கள் விரும்புவதில்லை. அதோடு நெசவாளி வீட்டில் முன்கட்டை முழுக்கத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். சாரின் லென்ஸுக்கு நாலு பேரை அடக்கவேண்டுமென்றால் நன்றாகப் பின்னால் போகவேண்டும்; பின்னால் போனால் தறிக்குழி. "நீ போய் உன் சோப்பு டப்பால நாலு எடுத்துக்கினு வா, போதும்" என்று அக்காவை அனுப்பினார்.

முதல் ரோலில் பாதிப் பேருக்குத் தலை இல்லை. அந்தச் சின்னக் கேமராவில் பார்க்கிற துளை வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. கிட்டே போனால் இரண்டும் ஒத்துப்போகாது. சார் அந்தப் படங்களை வரிசையாக மேஜையில் பரப்பி, "முண்டம், முண்டம், இது அரை முண்டம்" என்று விரல் வைத்துச் சொன்னார். அக்கா மேலே ஒரு கை அளவு இடம் விட்டு எடுக்கக் கற்றுக்கொண்டார். வேறு எதையும் அந்தக் கேமராவில் மாற்ற முடியாது. ஆனால் அதன் சின்னக் கண்ணாடி அகலமாகப் பார்த்தது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் அறை முழுவதும் உள்ளே வந்துவிடும். அதைவிட முக்கியம், அது தங்களை முறைப்பதாக யாரும் நினைக்கவில்லை. பெரிய கேமராவைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்து விறைத்துக்கொள்கிற அதே பெண்கள் அக்காவின் முன்னால் வெற்றிலை மென்றார்கள், சண்டை போட்டார்கள், தலை பின்னிக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் எங்கள் தெருப்பக்கம் யார் வீட்டு விசேஷமானாலும், "அந்தப் போட்டோக்கார அம்மா வராங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கவுண்டரில் சார் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார்கள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா கணவனை இழந்தவர். அவரே தறியில் உட்கார்ந்து மகளுக்கு அரக்குக் கூறைப்புடவை நெய்திருந்தார். நலங்குக்கும் பெண் அதையே கட்டியிருந்தாள். நலங்கின்போது சம்பிரதாயப்படி அவர் முன்னால் வரவில்லை. சமையல்கட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். யாரோ மணப்பெண்ணின் மூக்கில் சந்தனத்தை அப்ப, பெண் தும்ம, அறையே சிரித்தது. அந்த அம்மா தன்னை மறந்து இரண்டடி உள்ளே வந்துவிட்டார். தலை பின்னால் சாய்ந்து, வாய் முழுக்கத் திறந்து, ஒரு கை மார்பில். பெண்ணும் அம்மாவும் சேர்ந்து விழும்படி அக்கா அமுக்கினார்.

அஞ்சலட்டை அளவுப் பிரிண்ட் வந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். அதுவரை எத்தனையோ ஆயிரம் முகங்களுக்கு டச்சப் செய்திருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை ஸ்டுடியோவில் பார்த்ததில்லை. அக்கா அதைக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

பட்டுக்கடை முதலாளி ஒருவர் புதிதாக ஒரு மாடி கட்டித் திறக்க இருந்தார். சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டுமென்று வந்தவர், சார் எடுத்துவைத்த படங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக்கு அடியில் விரல் வைத்தார்.

"இதுதான் சார் வேணும். பொம்மையாட்டம் நிக்கிற பொண்ணு எல்லாக் கடையிலயும் இருக்குது. இதப் பாத்தா வீட்ல கல்யாணம் நடக்கற மாதிரியே இருக்குது."

"அது என் ஒய்ஃப் எடுத்தது" என்றார் சார்.

"அப்படியா! உங்களையே மிஞ்சிட்டாங்களே!"

சார் சிரித்தபடி, "போட்டுடலாம். நாலடிக்கு மூணடி" என்றார். அந்தச் சின்ன நெகட்டிவும் சின்னக் கண்ணாடியும் அவ்வளவு பெரிய அளவைத் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அக்காவுக்குத்தான் தெரியாது. அவர் அந்த அம்மா வீட்டுக்குப் போய் அனுமதி கேட்டார். அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி, "நானா இது?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாட்டிக்கட்டும்மா, போ" என்றாராம். அக்கா மாடிப்படி ஏறும்போதே அதை என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்.

சென்னை லேபிலிருந்து உருளையாகச் சுற்றி இரண்டு படங்கள் வந்தன. ஒன்று அக்காவுடையது. மற்றொன்று அதே பெண், அதே கூறைப்புடவை, மறுநாள் மண்டபத்தில் சார் நிற்கவைத்து எடுத்தது. கடைக்காரர் இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

அக்காவின் படத்தை விரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகங்கள் மணல் மணலாக உதிர்ந்திருந்தன. அந்தப் புடவையின் அரக்கு நிறம் திட்டுத்திட்டாக இருந்தது. ஜரிகை வெறும் மஞ்சள் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேல் கண்கள். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் கண்மணி சிவப்பாக விழும். அஞ்சலட்டை அளவில் அது கடுகு, யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். நாலடிப் படத்தில், சிரிக்கிற அந்த அம்மாவின் முகத்தில் இரண்டு நெருப்புத் துண்டுகள் இருந்தன.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "கண்ணு ஏம்மா இப்படி இருக்குது? இத மட்டும் சரி பண்ணிடேன். மத்தது தூரமா நின்னு பாத்தா தெரியாது இல்ல?"

"பண்ணிடலாம்கா" என்றேன். பிரஷை எடுத்துத் தண்ணீரில் நனைத்தும்விட்டேன்.

சார் உள்ளே வந்தார். அக்கா மாடிக்குப் போகும்வரை காத்திருந்தார். "தொடாத. எடுத்தது எப்படியோ அப்படியே ஜனங்க பாக்கட்டும்."

"இல்ல சார், கண்ணு மட்டும்..."

"பிரஷ் எடுத்துத் தொடைச்சு வை. நீ ரொம்ப நாளா கேமரா கத்துக்கணும்னு கேட்டுக்கினு இருந்த இல்ல? அடுத்த வாரத்துலருந்து கத்துத் தரேன்."

நான் பிரஷைத் துடைத்து வைத்தேன். பயத்தால் செய்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சம்தான். சார் என்னை அடித்திருக்கமாட்டார், வேலையைவிட்டு அனுப்பியிருக்கவும் மாட்டார். என்னைவிட நல்ல டச்சப்காரி அந்த ஊரில் இல்லை. எனக்குக் கேமரா வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் அக்கா இறங்கி வந்து, "முடிஞ்சிதாம்மா?" என்று கேட்டபோது படம் மறுபடி சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. "கட்டியாச்சுக்கா" என்றேன். அதுவும் பொய்யில்லை.

திறப்பு விழா காலை முகூர்த்தத்தில் நடந்தது. பன்னீர், சந்தனம், நாதஸ்வரம். ஊரில் பாதி வந்திருந்தது. அக்கா அந்த அம்மாவைத் தானே போய் அழைத்துவந்திருந்தார். அவர் வெளுத்த சுங்குடிப் புடவையில், பெண்கள் கூட்டத்தின் கடைசியில், அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றார். சுவரில் இரண்டு படங்கள் துணி மூடித் தொங்கின. கடைக்காரர், "ஒண்ணுதானே சொன்னோம்?" என்று கேட்டார். "இன்னொண்ணு என் அன்பளிப்பு" என்றார் சார்.

இரண்டு துணிகளையும் அவரே சேர்த்து இழுத்தார்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒரு குழந்தை, "ஐய், பேய்!" என்றது. அங்கிருந்து தொடங்கியது சிரிப்பு.

சார் சிரிக்கவில்லை. ஆசிரியர்போலப் பேசினார். "ஒரே பொண்ணு, ஒரே பொடவை. இது என் கேமரா. அது அவங்க கேமரா. வித்தியாசம் என்னான்னு நீங்களே பாருங்க. இங்க ஜரிகையில இழை தெரியுது. அங்க மஞ்சள் அரைச்சுப் பூசின மாதிரி இருக்குது. இங்க தோல். அங்க ரவை. எல்லாரும் கையில ஒண்ண வெச்சிக்கினு போட்டோகிராபர்னு சொல்லிக்கலாம். சொவுத்துல மாட்டுனாத்தான் யாரு யாருன்னு தெரியும்." அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. வயதான நெசவாளி ஒருவர் அக்காவின் படத்துக்கு மிக அருகில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஊடை இழையே தெரியலையேப்பா, இது என்னா பொடவைன்னே சொல்ல முடியாது" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்துவிட்டது. மணப்பெண்ணின் அத்தை. "தாலியறுத்தவ சிரிக்கற சிரிப்பப் பாரு. நலங்குல நடுவுல வந்து நின்னுக்கினு. கண்ணப் பாரு, ரத்தக்காட்டேரி மாதிரி." சொல்லிவிட்டு அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படத்தையும் பார்த்து, ஆளையும் பார்த்தார்கள்.

அந்த அம்மா அக்காவின் கையை விட்டார். "உன்ன நம்பித்தானே வூட்டுக்குள்ள உட்டேன்" என்றார். சத்தம் போடவில்லை. முந்தானையை இழுத்து முகத்தைப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார். அக்கா பின்னாலேயே இரண்டு படி இறங்கி, நின்றுவிட்டார். கடைக்காரர் ஆளைக் கூப்பிட்டு அக்காவின் படத்தைக் கழற்றச் சொன்னார். சாரின் படம் தங்கிவிட்டது.

மறுநாள் அக்கா இறங்கி வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது. "கண்ண மட்டும் சரி பண்ண எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

"சார் வேணாம்னாருக்கா."

"அத நான் கேக்கல. எவ்ளோ நேரம்?"

"அரை மணி நேரம்."

தலையை ஆட்டினார். எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஐந்து வருஷத்தில் அக்கா என்னிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அவரை விசேஷத்துக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. அந்தச் சின்னக் கேமராவைச் சார் தன் தங்கை வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்.

சார் சொன்ன சொல் தவறவில்லை. பழைய கேமரா ஒன்றை என் கையில் கொடுத்து, வெளிச்சம் பார்ப்பதிலிருந்து எல்லாம் கற்றுக்கொடுத்தார். அக்கா போய்க்கொண்டிருந்த வீடுகளுக்கு நான் போனேன். ஒரு பெண்ணே பெரிய கேமராவோடு வந்தது ஊருக்குப் புதுமையாக இருந்தது, பெயர் கிடைத்தது. ஆனால் அந்த அறைகளில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். முந்தானைகள் சரியாகும். கூர்மையாக, இழை இழையாக, விறைத்துப்போன பெண்களை நான் பத்து வருஷம் எடுத்தேன். எந்தக் கேமரா உசத்தி என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். பெரியதுதான் என்று சொல்வேன். சுவரில் அதுதான் நிற்கும். எங்கள் தெருவில் ஏதாவது விசேஷம் என்றால் அந்த அம்மாவும் வருவார். என் தோளில் கேமராப் பையைக் கண்டதும் கொல்லைப்பக்கம் போய்விடுவார். நான் படத்தை முடித்துக்கொண்டு கிளம்பும்வரை திரும்பி வரமாட்டார்.

டிஜிட்டல் வந்த பிறகு நான் தனியாக ஸ்டுடியோ போட்டேன். சில வருஷம் கழித்துச் சார் வந்து, "எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் எடுக்கணும். வேற எவன் எடுத்தாலும் நான் பாக்கமாட்டேன்" என்றார். போனேன். இரண்டு நாளும் அக்கா என் லென்ஸுக்குள் வரவில்லை. மேடையில் சொந்தக்காரர்கள் இழுத்து நிறுத்தியபோதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். எப்படியாவது அவரை எடுத்துவிட நினைத்தேன். பெண்ணின் அம்மா இல்லாத கல்யாண ஆல்பமாகிவிடுமே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. என்னால் முடியும் என்று அவருக்குக் காட்டவேண்டும் போலிருந்தது. சாப்பாட்டுக்கூடத்தின் மறுகோடியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, நீளமான லென்ஸைப் போட்டுக் காத்திருந்தேன். சமையற்காரர் பாயசம் ருசி பார்க்கக் கொடுத்து ஏதோ சொன்னார். அக்கா சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அமுக்கினேன். அவருக்குத் தெரியாது.

என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல படம் அது. நரைத்த காதோர முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. ஒரு புள்ளிகூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அக்கா தனியாக வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தப் படம் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். அவராகப் பார்க்கட்டும் என்று இருந்தேன். பாராட்டுக்காகத்தான் காத்திருந்தேன், மன்னிப்புக்காகவும் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "நல்லா எடுத்திருக்க. உங்க சார்கூட இப்படி எடுத்ததில்ல" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிசாப் போட்டுத் தரேங்க்கா" என்றேன்.

"அழிச்சுடு."

"அக்கா..."

"அழி. நான் பாக்கறேன்."

அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலிருந்தும் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். "வேற எங்கனா இருக்குதா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. ஆல்பம் கொடுக்கும்வரை கேமராவின் மெமரி கார்டை அழிக்காமல் அப்படியே வைத்திருப்பது எங்கள் தொழில் வழக்கம். அது மேஜை டிராயரில் இருந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கும் நீ பொய் சொல்லல. சும்மாத்தான் இருந்த" என்றார்.

டிராயரைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி, முந்தானை நுனியில் வைத்து இறுக்கி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார். "பொண்ணு மாப்ள படமெல்லாம் நல்லா வந்திருக்குது. அதுங்கள நீயே பாத்துப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கடைசிப் படியில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. பார்த்துப் போகச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் தெருவில் இறங்கியிருந்தார்.